வேகத்தின் மைந்தன் அல்பேர்ட்டோ அஸ்காரி

கார்ப் பந்தயம் என்றதும் எமது நாட்டில் பலருக்கு நுவரெலியா, தியத்தலாவை ஆகிய இடங்களில் நடைபெறும் போட்டிகள் நினைவுக்கு வரும். 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் பந்தயக் கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தபோது, இவ்விளையாட்டின் ஆபத்தைப் பற்றி நாடே பேசியது. எழுபது வருடங்களுக்கு முன்னர் அந்த ஆபத்து இன்னும் அதிகம். சாரதிக்கு ஆசனப் பட்டி இல்லை. பாதையோரத்தில் வைக்கோல் கட்டுகளே பாதுகாப்பு. அக்காலத்தில் இரு தடவைகள் உலகச் சம்பியனானவர் இத்தாலியரான அல்பேர்ட்டோ அஸ்காரி.

அவர் 1918 ஜூலை 13ஆம் திகதி மிலான் நகரில் பிறந்தார். தந்தை அந்தோனியோ அஸ்காரியும் புகழ்பெற்ற பந்தய வீரர். அல்பா ரோமியோ கார்களை விற்பனை செய்துகொண்டே அதே கார்களைப் பந்தயத்திலும் ஓட்டினார். 1924இல் இத்தாலியப் போட்டியிலும் 1925இல் பெல்ஜியப் போட்டியிலும் வெற்றி பெற்றார். 1925 ஜூலை 26ஆம் திகதி பிரான்சின் மொன்ட்லேரி ஓடுபாதையில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது அவரது கார் பாதையோர வேலியில் சிக்கிப் புரண்டது. அன்றே அவர் காலமானார். வயது 36. மகனுக்கு ஏழு வயது நிரம்பி இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை.

தந்தையைப் பறித்த பாதையையே மகனும் தெரிவு செய்தார் என்பதை ஏற்றுக்கொள்வது எனக்குக் கடினமாகவே இருந்தது. கணவனை இழந்த தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் அல்பேர்ட்டோவின் மனம் இளவயதிலேயே இயந்திரங்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. முதலில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பியாங்கி நிறுவனத்துக்காக ஓடினார். 1940இல் தந்தையின் பழைய நண்பரான என்சோ பெராரி, தாம் சொந்தமாகத் தயாரித்த முதல் காரை அவரிடம் ஒப்படைத்தார். மில்லே மில்யா என்னும் நீண்டதூரப் போட்டியில் அந்தக் கார் தனது பிரிவில் முன்னிலை வகித்தும், இடையில் பழுதாகி நின்றுவிட்டது. பின்னர் உலகப் போர் பந்தயங்களை முடக்கியது. அக்காலத்தில் மியெத்தா என்பவரை மணந்து இரு பிள்ளைகளுக்குத் தந்தையானார். மகனுக்குத் தன் தந்தையின் பெயரையே வைத்தார்.

போர் முடிந்தபின் மசெராட்டி கார்களை ஓட்டி, 1949இல் பெராரி அணியில் இணைந்தார். 1952ஆம் ஆண்டுதான் அவரது பொற்காலம். அமெரிக்காவின் இன்டியானாபோலிஸ் போட்டியில் பங்குபற்றச் சென்றதால் சுவிட்சர்லாந்துப் போட்டியைத் தவறவிட்டார். இன்டியானாபோலிஸிலோ சக்கரம் உடைந்து வெளியேறினார். அதன்பின் ஐரோப்பாவில் எஞ்சியிருந்த ஆறு சம்பியன் போட்டிகளிலும் ஆறு வெற்றிகள்! 1953இலும் ஐந்து போட்டிகளை வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இன்டியானாபோலிஸை நீக்கிப் பார்த்தால், அவர் பங்குபற்றிய ஒன்பது சம்பியன் போட்டிகளில் தொடர்ந்து வென்றிருந்தார். அந்தச் சாதனையைச் சமப்படுத்த 2013இல் செபஸ்தியன் வெட்டல் வரவேண்டியிருந்தது. அஸ்காரிக்குப் பின்னர் இத்தாலியர் எவரும் உலகச் சம்பியனாகவில்லை.

இவ்வளவு துணிச்சலான மனிதருக்குச் சகுனப் பயம் அதிகம். கறுப்புப் பூனை குறுக்கிட்டால் பாதையை மாற்றிக்கொள்வாராம். தந்தை இறந்த 26ஆம் திகதியைக் கண்டு அஞ்சினார். தனது நீல நிறத் தலைக்கவசம் இல்லாமல் காரில் ஏறவே மாட்டார். சகுனம் பார்ப்பது எமது மார்க்கத்தில் இல்லை. எனினும் ஏழு வயதில் தந்தையை இழந்த பிள்ளையின் அச்சம் இப்படியொரு வடிவம் எடுத்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது.

அவரைப் பற்றி என்சோ பெராரி கூறிய செய்தியொன்று என்னை மிகவும் பாதித்தது. பிள்ளைகளிடம் அஸ்காரி வேண்டுமென்றே கண்டிப்பாக நடந்துகொண்டாராம். தான் என்றாவது திரும்பி வராமல் போகலாம், அளவுக்கு மீறி அன்பு வைத்துவிட்டால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்பது அவரது எண்ணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. தந்தையின் குரல்கூட நினைவில் இல்லாமல் வளர்ந்தவர்கள் எங்கள் வன்னியில் ஏராளம். அன்பைக் குறைவாகப் பெற்றால் பிரிவும் குறைவாக வலிக்கும் என்று அவர்களில் ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. நினைத்துப் பார்க்க நான்கு நல்ல நாட்களாவது இருந்திருக்கலாமே என்றுதான் ஏங்குகிறார்கள். அஸ்காரியும் அப்படி ஏங்கிய பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். ஆனாலும் வேறு வழி அவருக்குத் தெரியவில்லை போலும்.

1954இல் லன்சியா அணிக்கு மாறி, அவ்வருட மில்லே மில்யாவை வென்றார். 1955 மே 22ஆம் திகதி மொனாக்கோவில், முன்னே சென்ற ஸ்டேர்லிங் மொஸ்ஸின் கார் பழுதாகி, முதலிடம் அஸ்காரியின் கைக்கு எட்டிய அதே சுற்றில் அவரது கார் துறைமுகக் கடலுக்குள் பாய்ந்தது. பார்த்தவர்கள் பதறி நிற்க, நீல நிறத் தலைக்கவசம் நீருக்கு மேலே தெரிந்தது. மூக்கு உடைந்தது, உயிர் தப்பியது.

நான்கு நாட்களின் பின், மே 26ஆம் திகதி, மொன்சா ஓடுபாதையில் நண்பர் கஸ்தெல்லொத்தி பெராரி காரொன்றை ஓட்டிப் பார்ப்பதைக் காண அஸ்காரி சென்றிருந்தார். அன்று ஓட்டும் நோக்கமே அவருக்கு இல்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். நீலத் தலைக்கவசம் திருத்தக் கொடுக்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் காரில் ஏற நாட்கணக்கில் தாமதித்தால் பயம் பிடித்துவிடும் என்று எண்ணியோ என்னவோ, நண்பரின் தலைக்கவசத்தை இரவல் வாங்கிக்கொண்டு சில சுற்றுகள் ஓட்டப் புறப்பட்டார். மூன்றாவது சுற்றில் வியலோனே வளைவில் கார் புரண்டது. காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. அவருக்கும் வயது 36.

மிலானில் தந்தையின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஏற்கனவே பணநெருக்கடியில் இருந்த லன்சியா நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகித் தனது கார்களைப் பெராரியிடம் கையளித்தது. அந்த வளைவு பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. மொன்சா போட்டியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள், கார்கள் வேகத்தைக் குறைத்துத் திரும்பும் அவ்விடத்தை வர்ணனையாளர்கள் அஸ்காரி என்று குறிப்பிடுவதைக் கேட்கலாம்.