மின்னால் தசையை ஆய்ந்த மருத்துவர்

வானத்தில் தோன்றி மறையும் மின்னலைக் கண்டு மனிதன் பன்னெடுங்காலம் அஞ்சினான். அவ்வாற்றலையே அளவோடு கையாண்டு, அதன் துணையால் உடலின் இயக்கத்தை ஆராய்ந்து, நோயாளர்க்கு உதவிய சான்றோர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரே டுசேன் என்னும் மருத்துவர்.

டுசேன் 1806ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பூலோன் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் கடலோடிகள்; தந்தையார் கப்பல் தலைவர். மகனும் குலத்தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். மகனின் உள்ளமோ கல்வியை நாடிற்று. அவர் பாரிசு நகரம் சென்று மருத்துவம் பயின்று, 1831இல் பட்டம் பெற்றார். மின்தூண்டலை இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே கண்டறிந்ததும் அவ்வாண்டிலேயே. பாரடேயின் கண்டுபிடிப்பே பின்னாளில் டுசேனின் கைக்கருவிக்கு அடிப்படையாயிற்று.

பட்டம் பெற்ற டுசேன் பிறந்த ஊருக்கே திரும்பி மருத்துவத்தொழில் நடத்தினார். இல்லறம் இனிதே தொடங்கியது, ஆயினும் நிலைக்கவில்லை. மகனை ஈன்ற சின்னாளில் மனைவியார் காய்ச்சலால் இறந்தார். மகப்பேற்றின்போது டுசேனே உடனிருந்து கவனித்தமையால், ஊரில் சிலர் அவர்மீது பழி சுமத்தினர். குழந்தையும் மனைவியின் சுற்றத்தாரிடம் வளரலாயிற்று. துயரம் சூழ்ந்த அக்காலத்தில் அவர் தம் மனத்தை ஆராய்ச்சியில் செலுத்தினார்.

உடலில் ஊசிகளைக் குத்தி, அவற்றின் வழியே மின்சாரம் செலுத்தி நோவைத் தணிக்க முயலும் முறை ஒன்று அந்நாளில் வழக்கில் இருந்தது. டுசேனும் அம்முறையைக் கையாண்டார். மின்சாரம் பாயுந்தோறும் தசை சுருங்குவதை அவர் கூர்ந்து நோக்கினார். தோலைத் துளைக்காமலே வேண்டிய தசையை மட்டும் இயக்க இயலுமோ என்று எண்ணினார். பன்முறை முயன்று, ஈரம் தோய்ந்த மின்முனைகளைத் தோலின்மேல் வைத்து அழுத்தினால், மின்சாரம் அடியிலுள்ள தசையைச் சென்றடையும் என்று கண்டார். ஊசியின் துன்பம் நீங்கியது. ஆராய்ச்சிக்குப் புதுவழி பிறந்தது.

1842இல் அவர் மீண்டும் பாரிசு அடைந்தார். ஆங்கு அவருக்கு மருத்துவமனைப் பதவி யாதும் இல்லை. தம் கருவிப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மருத்துவமனையாகச் சென்றார். கற்றோர் சிலர் அவரை எள்ளினர். அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. நோயாளர் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால், அங்கும் பின்தொடர்ந்து சென்று, ஆண்டுக்கணக்கில் அவர்தம் நிலையைக் குறித்துவந்தார்.

மின்சாரம் எல்லா நோய்க்கும் மருந்தென்று கூறிப் பொருளீட்டியோர் அக்காலத்தில் பலர். டுசேன் அத்தகையவர் அல்லர். எந்தத் தசை பழுதுற்றது, பழுது எங்கே உள்ளது என்பவற்றை முதலில் அறிய முயன்றார். ஈய நஞ்சினால் செயலற்ற தசை மின்சாரத்திற்கு இசையாமல் கிடப்பதையும், மூளைக்கோளாற்றால் செயலற்ற தசை இசைந்து சுருங்குவதையும் வேறுபடுத்தி உணர்த்தினார். பிடரியினின்று தோள்வரை பரந்துள்ள பெருந்தசை ஒன்றேயாயினும், அதன் பகுதிகள் வெவ்வேறு தொழில் புரிகின்றன என்றும் காட்டினார். இவ்வாய்வுகளை 1855இலும் 1867இலும் அரிய நூல்களாக வெளியிட்டார்.

முகத்தின் தசைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாயின் ஓரங்கள் மட்டும் உயர்வது முழுமையான நகையன்று. உள்ளம் மகிழ்ந்தால் கண்களைச் சூழ்ந்த தசையும் சுருங்கும் என்று கண்டு, நிழற்படங்களுடன் 1862இல் நூல் எழுதினார். அப்படங்களுள் சிலவற்றை டார்வின் தம் 1872ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்டார். இன்றும் உண்மை மகிழ்ச்சி தோன்றும் சிரிப்பு டுசேன் புன்னகை எனப்படுகிறது.

சிறுவர்களின் தசைகளை மெல்ல மெல்ல நலியச்செய்யும் கொடுநோய் ஒன்றை அவர் விரிவாக விளக்கினார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நோயை மின்சாரத்தால் தீர்க்க இயலவில்லை. ஆயினும், நோயின் இயல்பைத் தெளிவுற எழுதிவைத்தமையால் பின்வந்தோர் ஆராய்ச்சிக்கு அவர் வழிகாட்டியானார். புகழ்பெற்ற மருத்துவர் சார்கோ அவரைத் தம் ஆசானாகவே மதித்தார். பிரிந்திருந்த மகனும் மருத்துவராகித் தந்தையிடம் வந்துசேர்ந்தார். ஆனால் தந்தைக்கு முன்னரே மறைந்தார். டுசேன் 1875ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் உலகு நீத்தார்.

இன்று நெடுநாள் கழுத்துவலியால் வருந்துவோர்க்குத் தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி மென்மின்சாரம் செலுத்தும் மருத்துவமுறை உள்ளது. அது சிலர்க்கு நோவைச் சிறிதுபொழுது தணிக்கலாம். அதன் பயனுக்கு உறுதியான சான்று இன்னும் போதிய அளவில் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் ஏற்ற உடற்பயிற்சியின் இடத்தை அது பெற இயலாது. இதயத்தில் மின்கருவி பொருத்தப்பெற்றோர் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

மாணவர்களே! கருவி புதிதாயிருப்பதால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. அதனைக் கையாள்வோன் நோயாளியைப் பொறுமையுடன் நோக்கி, கண்டதைக் கண்டவாறே கூறுதல் வேண்டும். பதவியின்றியும் பிறர் எள்ளலுக்கிடையிலும் அவ்வொழுக்கத்தினின்று வழுவாமையே டுசேனை உலகம் போற்றும் மருத்துவராக்கியது.