ஜோசப் பிரீஸ்ட்லி: புதினாத் தளிரும் எரிந்த ஆய்வுகூடமும்

தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் நிகழ்வு ஒளிச்சேர்க்கை எனப்படுகிறது. இலங்கைப் பாடநூல்கள் அதனை ஒளித்தொகுப்பு என்கின்றன. இதுபற்றிய அறிவியலுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேய மதபோதகரான ஜோசப் பிரீஸ்ட்லி. கெட்டுப்போன காற்றைச் செடிகள் மீட்கின்றன என்று கண்டறிந்த இவர், தமது கொள்கைகளுக்காக வீட்டையும் ஆய்வுகூடத்தையும் இறுதியில் நாட்டையும் இழக்க நேர்ந்தது.

1733 ஆம் ஆண்டு யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்த பிரீஸ்ட்லி, இங்கிலாந்தின் அரச திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவினர் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இயலாது. அரச பதவிகளுக்கும் சட்டத் தடைகள் இருந்தன. எனவே அவர் தமது சமூகத்தினர் நடத்திய கல்விக்கூடத்தில் பயின்றார்.

மெழுகுவர்த்தி சொன்ன செய்தி

1767 இல் லீட்ஸ் நகரில் போதகரானபோது, அண்டையிலிருந்த மதுவடிசாலையின் தொட்டிகளுக்கு மேல் தேங்கிய வாயு அவரது கவனத்தை ஈர்த்தது. அதுவே இன்று நாம் கரியமில வாயு என அழைப்பது. அதிலிருந்து தொடங்கிய ஆர்வம் காற்று பற்றிய ஆய்வாக விரிந்தது.

மூடிய கண்ணாடிக் கலத்தில் மெழுகுவர்த்தி சிறிது நேரத்தில் அணைந்துவிடும். எலியும் மூச்சடைத்து இறந்துவிடும். 1771 ஆகஸ்ட் 17 ஆம் தேதி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றினுள் ஒரு புதினாத் தளிரை அவர் வைத்தார். பத்து நாட்களுக்குப் பின்னர் அதே காற்றில் மற்றொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. உயிரினங்கள் கெடுக்கும் காற்றைத் தாவரங்கள் சீராக்குகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. 1774 இல், பின்னர் ஆக்சிஜன் எனப் பெயரிடப்பட்ட வாயுவையும் அவர் பிரித்தெடுத்தார்.

ஆனால் 1778 இல் தாவரச் சோதனைகளைத் தொடர்ந்தபோது முடிவுகள் முரண்பட்டன. சில வேளைகளில் செடிகள் காற்றை மேலும் கெடுத்தன. இதன் காரணத்தை 1779 இல் விளக்கியவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். செடியின் பச்சை நிறப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, காற்றைச் சீராக்குகின்றன என்று அவர் காட்டினார். இருளில் செடிகளும் நம்மைப் போலச் சுவாசிப்பதையே செய்கின்றன.

வேகத்தை நிர்ணயிப்பது எது?

இலையிலுள்ள பச்சையம் ஒளியின் ஆற்றலை ஈர்க்கிறது. அந்த ஆற்றலால் நீர் பிளவுபட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. இலைத்துளைகள் வழியாக நுழையும் கரியமில வாயு சர்க்கரையாக மாறுகிறது. ஒளி கூடும்போது இதன் வேகமும் கூடும்; ஆனால் ஓர் அளவுக்கு மேல் கூடாது. அப்போது கரியமில வாயுவோ வெப்பநிலையோ தடையாகிவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் நொதிகள் செயலிழக்கின்றன. நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. எந்தக் காரணி மிகவும் பற்றாக்குறையாக உள்ளதோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கிறது என்று 1905 இல் பிரெடரிக் பிளாக்மன் விளக்கினார். பிரீஸ்ட்லியின் கலங்களில் சில வேளைகளில் குறைந்திருந்தது ஒளி.

கலவரமும் புலம்பெயர்வும்

பிரெஞ்சுப் புரட்சியை வெளிப்படையாக ஆதரித்த பிரீஸ்ட்லி, மாற்றுச் சமயப் பிரிவினருக்குச் சம உரிமையும் கோரினார். 1791 ஜூலை 14 அன்று, பாஸ்டீல் சிறை வீழ்ந்த இரண்டாம் ஆண்டு நிறைவையொட்டி பர்மிங்ஹாமில் நடந்த விருந்தில் அவர் கலந்துகொள்ளவில்லை. எனினும் மன்னரின் பெயரால் திரண்ட கும்பல் அவரது வீட்டைத் தாக்கியது. நூலகமும் கருவிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன.

லண்டனிலும் நிம்மதி கிட்டாத நிலையில், 1794 இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டில், ஆக்சிஜனுக்குப் பெயரிட்ட லவாசியே புரட்சிப் பிரான்சில் சிரச்சேதம் செய்யப்பட்டார். முடியாட்சியின் ஆதரவாளர்கள் ஒருவரை விரட்ட, புரட்சியாளர்கள் மற்றவரைக் கொன்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

பிரீஸ்ட்லியிடமும் ஒரு பிடிவாதம் இருந்தது. எரியும் பொருட்களிலிருந்து புளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்னும் பழைய கோட்பாட்டை, தமது கண்டுபிடிப்பே அதைத் தகர்த்த பின்னரும், அவர் கைவிடவில்லை. 1804 பெப்ரவரி 6 ஆம் தேதி பென்சில்வேனியாவில் அவர் காலமானார். அதே ஆண்டில், தாவரத்தின் வளர்ச்சியில் நீருக்கும் பங்குண்டு என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த நிக்கோலா தியோடோர் த சோசூர் நிறுவினார்.

ஓர் ஆய்வுகூடத்தைக் கும்பலால் எரிக்க முடிந்தது. ஆனால் பிரீஸ்ட்லி எழுப்பிய கேள்வி அதற்கு முன்னரே எல்லைகளைக் கடந்துவிட்டிருந்தது.