பூச்சியின் பெயர் அறிந்து போரிட்ட ராமகிருஷ்ண அய்யர்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பகுதி விவசாயிகள் தட்டைப்பயறு, அவரை, பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்ததும் அசுவினி என்று சொல்லி விடுகின்றனர். எந்தப் பூச்சி எந்தப் பயிரைத் தாக்கும் என்ற விபரம் எளிதில் கிடைத்ததல்ல. சென்னை மாகாணப் பூச்சிகளைப் பல ஆண்டுகள் சேகரித்துப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் டி.வி.ராமகிருஷ்ண அய்யர்.

1880ல் பிறந்த இவர், மாகாண வேளாண் துறையில் சேர்ந்து கோவையில் பூச்சியியல் பிரிவில் பணியாற்றினார். அங்கு அரசு பூச்சியியல் அலுவலராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலை 1914ல் வெளியிட்டார். பிற்காலத்தில் அதே பொறுப்புக்கு அய்யர் உயர்ந்தார்.

வண்ணத்துப்பூச்சியைச் சேகரிக்கப் பலர் இருந்தனர். அய்யர் கவனித்தது கண்ணுக்கு எளிதில் தெரியாத இலைப்பேன், செதில் பூச்சி, மாவுப்பூச்சிகளை. பின்னிரண்டும் அசுவினியின் உறவினங்கள். செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை இலையில் விடுபவை. அதைத் தேடி எறும்பு வரும். அதன் மேல் கரும்பூசணம் படரும்.

இனத்தைச் சரியாக அறிவதன் அருமையைச் சப்பாத்திக்கள்ளி உணர்த்தியது. 1795ல் சிவப்புச் சாயத்துக்காக காச்சினீல் என்ற செதில் பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தனர். வந்தது நல்ல சாயம் தரும் இனமல்ல. எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. ஆனால் ஒருவகைக் கள்ளியை அது அழித்தது. தென் மாவட்ட மேய்ச்சல் நிலங்களை அடைத்திருந்த மற்றொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு காச்சினீல் இனம் வந்த பிறகே, சில ஆண்டுகளில் அந்தக் கள்ளி பட்டுப்போனது. பார்வைக்கு இரண்டு பூச்சியும் ஒன்றுபோல வெள்ளைப் பஞ்சு மூடியவை. கள்ளியில் வாழும் செதில் பூச்சிகளையும் அவற்றின் பயனையும் பற்றி அய்யர் 1931ல் கட்டுரை எழுதினார்.

கள அனுபவத்தைத் திரட்டி, தென்னிந்தியப் பயிர்ப் பூச்சியியல் கையேட்டை 1940ல் வெளியிட்டார். பூச்சி, அது தாக்கும் பயிர், சேதம், தடுக்கும் வழி என அனைத்தும் அதில் இருந்தன. வேளாண் மாணவர்கள் பல ஆண்டுகள் அதைப் படித்தனர். 1952ல் அய்யர் காலமானார்.

அவர் வழியில் நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அசுவினியைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடாமல், இலையின் அடியில் பாருங்கள். அசுவினி உடலின் பின்பகுதியில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டத்துக்குள் பொறிவண்டும் அதன் புழுவும் இருந்தால் அவை அசுவினியைத் தின்கின்றன. மருந்து தெளித்தால் அவையும் சாகும். பூச்சி எதுவென்று தெரியாவிட்டால், தாக்கப்பட்ட இலையைப் பூச்சியோடு எடுத்துச் சென்று வேளாண் அலுவலரிடமோ, மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.