பூட்டிக் கிடந்த மனைகளைத் தோட்டமாக்கியவர்: யார் இந்த பேட்ரிக் கெட்டிஸ்?

ஊருக்கு நடுவே ஒரு துண்டு நிலம். சுற்றிலும் மதில், உள்ளே குப்பை, முள்செடி. யாரும் உள்ளே போக முடியாது. அதே ஊரில் பிள்ளைகள் விளையாட இடமே இல்லைன்னு சொல்வார்கள். இந்த முரண்பாட்டை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டியவர் பேட்ரிக் கெட்டிஸ்.

உயிரியலில் இருந்து ஊருக்கு

1854-ல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை பாதிக்கப்பட்டது. நுண்ணோக்கியே கதி என்று இருக்க முடியாத நிலை. செடிகொடிகளும் அவற்றின் சூழலும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பார்த்தவர், மனிதர்களையும் நகரத்தையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கினார்.

1886-ல் அன்னாவை மணந்தார். அடுத்த ஆண்டே இருவரும் எடின்பரோவின் பழைய நகரில் குடியேறினார்கள். வசதியானவர்கள் கைவிட்டுப் போன, நெரிசலான பகுதி அது. அங்கேயே இருந்துகொண்டு வீடுகளைப் பழுதுபார்ப்பதும், முற்றங்களைச் சுத்தம் செய்வதுமாக வேலையை ஆரம்பித்தார்கள்.

10 ஏக்கர் எங்கே இருந்தது?

பல ஆண்டுகள் கழித்து அவரது குழுவினர் பழைய நகர் முழுக்க நடந்து, சும்மா கிடந்த இடங்களைக் கணக்கெடுத்தார்கள். இடிந்த வீடுகளின் மனை, சந்துக்குள் சிக்கிய மூலை, சரிவு என எழுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். கூட்டிப் பார்த்தால் சுமார் 10 ஏக்கர்! தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்டவை. மகள் நோராவின் வடிவமைப்பில் அவற்றில் சில தோட்டங்களாயின.

எம்டனும் தஞ்சாவூரும்

1914-ல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் அழைத்ததன்பேரில் இந்தியா வந்தார். பின்னால் கப்பலில் வந்த அவரது நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்கள் கடலில் போயின. கப்பலை மூழ்கடித்தது, சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன். கெட்டிஸ் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியதை வைத்து, 1915 ஜனவரியில் சென்னையிலேயே கண்காட்சியை நடத்திவிட்டார்.

அப்போது நகர மேம்பாடு என்றால் நெரிசலான தெருக்களை இடித்து, நேர்கோட்டில் புதுச்சாலை போடுவதுதான். வீடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்த கெட்டிஸ் மாற்றுவழி சொன்னார். இருக்கிற சந்துகளைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். காலி மனைகளை அவற்றோடு சேருங்கள். இனி தேறாத சில வீடுகளை மட்டும் எடுங்கள். காற்றும் வரும், செலவும் குறையும், குடியிருப்பவர்களும் அங்கேயே இருக்கலாம்.

1917-ல் மகன் போரில் இறந்தார். அதே ஆண்டு அன்னா கல்கத்தாவில் காலமானார். அதன் பிறகும் வேலையை விடவில்லை. 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1932-ல் பிரான்சில் இறந்தார்.

இன்று ஏன் பேசணும்?

அவரது இந்தியத் திட்டங்களில் பல காகிதத்தோடு நின்றுவிட்டன. எடின்பரோவில் ஜான்ஸ்டன் டெரஸ் தோட்டம் இன்னும் இருக்கிறது. நிலம் இல்லை என்று சொல்லிக் குடிசைகளை இடிப்பதற்கு முன், பூட்டிக் கிடக்கும் இடங்களை நடந்துபோய் எண்ணிப் பார்க்க வேண்டும். எது யாருடையது, ஏன் மூடிக் கிடக்கிறது, திறந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கெட்டிஸின் வழிமுறை இந்தக் கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறது.