பகிடியும் வதையும்: கலைவாணரிடம் ஓர் ஆசிரியர் கற்ற பாடம்

சென்ற தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் வாசிக்கத் தடுமாறியபோது நான் ஒரு பகிடி விட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு சத்தமாக வாசிக்க அவன் எழும்பவே இல்லை.

வகுப்பைச் சிரிக்க வைப்பவரே நல்ல ஆசிரியர் என்று ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாள் முதல் நம்பி வந்தவன் நான். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டபோது நினைவுக்கு வந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். வாப்பா வானொலியில் விரும்பிக் கேட்ட குரல் அவருடையது.

1908 நவம்பர் 29 இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் கிருஷ்ணன். ஆரம்ப வகுப்புகளோடு அவரது பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார், வில்லுப்பாட்டில் தேர்ந்தார், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடிகரானார். 1936 இல் வெளிவந்த 'சதிலீலாவதி' அவரது ஆரம்பப் படங்களுள் ஒன்று. எம்.ஜி.ஆர். அறிமுகமானதும் அதே படத்தில்தான்.

தமது நகைச்சுவைக் காட்சிகளைக் கிருஷ்ணன் தாமே அமைத்தார். மனைவி டி.ஏ. மதுரத்தோடு அவர் தோன்றும் பகுதிகளுக்காகவே மக்கள் படம் பார்க்க வந்தனர். அவற்றில் அசடாகி நிற்பவர் பெரும்பாலும் அவர்தான், கெட்டிக்காரி மதுரம். அவரது கேலி மூடநம்பிக்கை, மதுப்பழக்கம், தீண்டாமை ஆகியவற்றின் மீதே பாய்ந்தது. 1949 இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் கதையைக் 'கிந்தனார்' என மாற்றிக் காலட்சேபம் செய்தார். ஒடுக்கப்பட்ட சிறுவன் ரயிலேறிப் பட்டணம் சென்று, படித்து உயர்வதே அதன் கதை. அங்கே சபை சிரித்தது அந்தச் சிறுவனைப் பார்த்தல்ல, அவனைத் தடுத்த சமூகத்தைப் பார்த்து.

அவமானத்தின் வலியை அவரும் அறிந்திருந்தார். 1944 டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாகினர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசம் பாகவதரின் திரை வாழ்வைச் சாய்த்துவிட்டது. கிருஷ்ணனோ மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார், 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். சம்பாதித்ததைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30 இல், 48 வயதில் அவர் மறைந்தபோது கையில் மிஞ்சியிருந்தது சொற்பமே.

நம் நாட்டில் பகிடிவதை என்றொரு சொல் உண்டு. பல்கலைக்கழக மாணவர்களைக் கண்டிக்கவே அதைப் பயன்படுத்துகிறோம். அதே வேலையை வகுப்பறையில் ஆசிரியரும், வீட்டில் பெற்றோரும் செய்வதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. எளியவனைக் காட்டிச் சிரிப்பு வாங்குவது சுலபம். தன்னையே அசடாக்கிக் கொண்டு, அநியாயத்தைப் பார்த்துச் சிரிக்க வைப்பதற்குத்தான் திறமை வேண்டும். அந்தத் திறமை பள்ளிப் படிப்பைத் தொடர முடியாத கிருஷ்ணனிடம் இருந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியனான என்னிடம் அன்று இருக்கவில்லை.

வகுப்பின் முன்னால் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிறு வயதில் நான் வாசிக்கத் தடுமாறிய கதையையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் இலேசாகச் சிரித்தான். வாசிக்க இன்னும் எழும்பவில்லை. காத்திருக்கிறேன்.