கல்லைப் படித்த கல்கத்தா அறிஞர்

மேற்படிப்புக்காகக் கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் மாணவர்களுள் பார்க் தெருவை அறியாதார் இலர். ஆனால் அத்தெருவின் முதலாம் இலக்கத்தில் நிற்கும் ஏசியாட்டிக் சொசைட்டியின் படிகளில் ஏறியவர் மிகச் சிலரே. 1784ஆம் ஆண்டில் சர் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய அக்கழகம் இந்தியாவைப் பற்றி ஆராயவே பிறந்தது. எனினும் 1829 வரை அதில் உறுப்பினராக இந்தியர் எவருக்கும் இடமில்லை. 1885இல்தான் அதன் தலைவர் நாற்காலியில் முதன்முதலாக ஓர் இந்தியர் அமர்ந்தார். அவரே ராஜேந்திரலால் மித்ரா. நம் நாட்டுக் கட்டடக் கலையை நாமே ஆராய முடியும் என்று உலகுக்குக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் அவர்.

கட்டடக் கலையிலும் வடிவமைப்பிலும் ஆராய்ச்சிப் பட்டம் பெற நம் மாணவர் சிலர் இன்று எண்ணுகின்றனர். அதற்குத் தமக்குத் தகுதி உண்டா என்று தயங்குவோரும் நம்மிடையே உளர். அவர்கள் இவ்வறிஞரின் வாழ்க்கையை ஒருமுறை அறிந்துகொள்வது நலம்.

ராஜேந்திரலால் 1820களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் பிறந்தார். இன்று பேலியாகாட்டாவில் அவர் பெயரால் ஒரு சாலை உண்டு. அவர் குடும்பம் புகழுடையது. ஆனால் அவர் பிறந்த காலத்தில் செல்வம் கரைந்திருந்தது. 1837இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் சிறந்து விளங்கிய அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லத் துவாரகநாத் தாகூர் முன்வந்தார். கடல் கடக்கத் தந்தை இசையவில்லை. மருத்துவப் படிப்பும் முடிவு பெறவில்லை. பிறகு சட்டம் பயின்றார்; அதிலும் பட்டம் கிட்டவில்லை. இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு கதவுகள் அடைபட்டுவிட்டன. நம்மில் யாராயினும் இந்நிலையில் மனம் உடைந்து போயிருப்போம்.

அவருக்கு 1846இல் மூன்றாவது கதவு ஒன்று திறந்தது. அது பெரிய பதவிக்கான வாயில் அன்று. ஏசியாட்டிக் சொசைட்டியில் நூலகராகவும் துணைச் செயலாளராகவும் அவர் அமர்த்தப்பட்டார். பிறர் எடுத்துப் படிக்கும் நூல்களை அடுக்கி, பட்டியலிட்டு, தூசு தட்டிக் காக்கும் வேலை அது. பத்தாண்டுகள் அவ்வேலையில் இருந்தார். அந்தப் பத்தாண்டுகளே அவருடைய பல்கலைக்கழகம். சமஸ்கிருதம், பாரசீகம் முதலிய மொழிகளில் புலமை பெற்றார். பழஞ்சுவடிகளைப் படிக்கவும், ஒன்றோடொன்று ஒப்பிடவும், பிழை களைந்து பதிப்பிக்கவும் பழகினார். 1851இல் படங்களுடன் கூடிய ஒரு வங்க மாத இதழையும் தொடங்கினார். அறிவு ஆங்கிலம் அறிந்தாரோடு நின்றுவிடலாகாது என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில், 1882இல், வங்க மொழிக்குக் கலைச்சொற்கள் ஆக்கக் கூடிய அவைக்கும் அவரே தலைவரானார். தமிழில் கலைச்சொல் வேண்டும் என்று நாளும் பேசும் நாம் இதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

அவருக்கு எதிர்ப்பும் குறைவின்றி வந்தது. 1856இல் கல்கத்தாவில் தோன்றிய புகைப்படக் கழகத்தில் அவர் பொறுப்பு வகித்தார். அடுத்த ஆண்டில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில், அவுரித் தோட்ட வெள்ளையர் குடியானவர்க்கு இழைத்த கொடுமையைக் கண்டித்துப் பேசினார். அதன் விளைவாகப் புகைப்படக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அவுரிக்கும் அவருக்கும் இருந்த பகை அத்துடன் முடியவில்லை. அது பின்னர் வேறு உருவில் வந்தது.

1868-69இல் அரசாங்கத்தின் ஆதரவில் அவர் ஒரிசா சென்றார். கல்கத்தா ஓவியப் பள்ளியைச் சார்ந்தோர் சிற்பங்களை வரையவும் அச்சு எடுக்கவும் உடன் சென்றனர். புவனேசுவரம், புரி, கொணார்க் ஆகிய ஊர்களின் கோயில்கள் அவர் ஆராய்ச்சிக்கு உட்பட்டன. ஒரிசாவின் பழம்பொருள்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1875இலும் 1880இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. கோயிலின் அமைப்பு இலக்கணம் என்ன, எக்கல்லால் கட்டினர் என்பதோடு அவர் நின்றாரில்லை. சிற்பங்களில் செதுக்கப்பட்ட உடை, அணி, இருக்கை, படைக்கலம் ஆகியவற்றைக் கொண்டு அக்கால மக்களின் வாழ்க்கையையும் எடுத்துக் கூறினார். ஏட்டில் உள்ளதைக் கல்லோடும், கல்லில் உள்ளதை ஏட்டோடும் ஒத்துப் பார்ப்பதே அவர் முறை. 1877இல் புத்தகயைக் கோயிலில் பர்மியர் செய்துவந்த திருப்பணியைப் பார்வையிட அரசு அவரை அனுப்பியது. அதன் பயனாக 1878இல் மற்றொரு நூல் வெளிவந்தது.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் பிறந்த 1857இல் ராஜேந்திரலால் முப்பது வயதைக் கடந்தவர். அதன் மாணவராக அவர் இருந்ததில்லை. அப்பல்கலைக்கழகமே 1876இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பட்டத்துக்குப் பின் ஆராய்ச்சி என்று நாம் எண்ணுகிறோம். அவர் வாழ்வில் ஆராய்ச்சிக்குப் பின்னரே பட்டம் வந்தது.

அக்காலத்தில் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றில் சொன்னது சட்டமாக இருந்தவர் ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காத்லாந்துக்காரர். வங்காளத்தில் அவுரித் தொழிலில் பொருள் ஈட்டி, அப்பொருளைக் கொண்டு நாடெங்கும் சுற்றிக் கட்டடங்களைக் கண்டு எழுதியவர். அவருடைய இந்தியக் கட்டடக் கலை வரலாறு 1876இல் வெளிவந்தது. இந்தியர் முதலில் மரத்தாலேயே கட்டினர். அசோகர் காலத்தில், கிரேக்கத் தொடர்புக்குப் பின்னரே கல்லுக்கு வந்தனர் என்பது அவர் கருத்து. ராஜேந்திரலால் அதை மறுத்தார். கல்லில் கட்டும் கலை இம்மண்ணுக்கு உரியது, பழமையானது என்று சான்று காட்டி வாதாடினார்.

பெர்குசன் சினந்தார். 1884இல் ராஜேந்திரலாலின் நூல்களைத் தாக்குவதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளையர் மீதான வழக்குகளை இந்திய நீதிபதிகள் விசாரிக்கலாமா என்ற இல்பர்ட் மசோதாப் பூசல் 1883இல் எழுந்து, அப்போது இன்னும் ஆறாதிருந்தது. பெர்குசன் கோயிலையும் அப்பூசலையும் ஒன்றாக முடிச்சிட்டார். இந்தியர் ஆராய்ச்சியில் தவறுவதைக் காட்டி, நீதி வழங்கவும் அவர்கள் தகுதியற்றவர் என்று நிறுவ முயன்றார். கற்றூண் ஒன்றின் காலத்தைப் பற்றிய விவாதம், ஓர் இனத்தின் அறிவைப் பற்றிய வழக்காயிற்று! அடுத்த ஆண்டே ஏசியாட்டிக் சொசைட்டி ராஜேந்திரலாலைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1888இல் அரசு அவருக்கு ராஜா பட்டம் தந்தது. 1891 ஜூலை 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

அப்படியாயின் வழக்கில் வென்றவர் யார்? அறிவியல் மாணவன் என்ற முறையில் இவ்வினாவை விட்டுவிட எனக்கு மனமில்லை. குஜராத்தின் தோலாவிராவில் 1990 முதல் நடந்த அகழாய்வு, அலெக்சாந்தருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் கல்லால் கட்டினர் என்று காட்டியது. அந்த அளவில் ராஜேந்திரலாலின் பக்கமே வலுப்பெற்றது. அதே வேளையில், பாஜா, கார்லே குடைவரைகள் மரக்கட்டட வடிவைப் பின்பற்றியவை என்று பெர்குசன் கண்டதும் மெய்யே. ஆராய்ச்சியில் ஒருவர் முழுதும் வென்றார், மற்றவர் முழுதும் தோற்றார் என்பது அரிது. ஆளைத் தாக்கிய பகுதி மறைந்து போகும். அளந்து எழுதிய பகுதி நிலைத்து நிற்கும்.

இவ்விடத்தில் நம் தஞ்சை மண்ணில் பிறந்த ஒருவரையும் நினைத்தல் கடன். ராஜேந்திரலாலுக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை முந்தியவர் ராம் ராஸ். 1790ஐ ஒட்டித் தஞ்சாவூரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். படை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, சென்னைக் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகி, பின்பு பெங்களூரில் நீதிபதியானார். மானசாரம் முதலிய சிற்ப நூல்களை ஆராயத் தொடங்கியபோது அவருக்கு ஒரு பெரும் இடர் நேர்ந்தது. சமஸ்கிருதம் கற்ற பண்டிதர்க்குத் தொழில் தெரியாது. தொழில் அறிந்த சிற்பிகளுக்கு நூல் தெரியாது. தஞ்சையைச் சேர்ந்த கம்மாளச் சிற்பி ஒருவரைத் துணைகொண்டே அவர் அச்சொற்களின் பொருளைத் தெளிந்தார். இந்துக்களின் கட்டடக் கலையைப் பற்றிய அவருடைய நூல் 48 படங்களுடன் 1834இல் லண்டனில் வெளிவந்தது. அந்தோ! அதைக் காண அவர் உயிரோடில்லை.

அச்சிற்பியின் பெயர் நூலேறவில்லை. அவர் போன்றோரிடம் உள்ள அறிவு இன்னும் முற்றும் ஏட்டில் ஏறவில்லை. மானிடவியலில் எம்.எஸ்ஸி. பயின்ற கல்கத்தாவின் நிர்மல் குமார் போஸ், ஒரிசாச் சிற்பிகளின் ஓலைச்சுவடிகளையும் அவர்கள் வாய்மொழியையும் கொண்டு 1932இல் ஒரு நூல் செய்தார். கட்டடக் கலையை ஆராயக் கட்டடக் கலைஞராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு அது சான்று.

இன்று நமக்கு வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. 1949இல் கட்டடக் கலைத் துறை தொடங்கிய சிப்பூர் கல்லூரி இன்று தேசியக் கல்வி நிறுவனம். அங்கும், யாதவ்பூரிலும், கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் கட்டடக் கலையில் பிஎச்.டி. ஆய்வு நடைபெறுகிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கலை கற்பிக்கப்பட்டு வருகிறது. பழைய சுண்ணாம்புக் காரையின் வேதியியல், செட்டிநாட்டு வீட்டு முற்றத்தின் காற்றோட்டம், தெப்பக்குளத்தின் நீர்வழி, வடகொல்கத்தாவின் பழைய மாளிகைகளின் பாதுகாப்பு என ஆராயப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. இவற்றுள் சிலவற்றுக்கு வேதியியலாரும் இயற்பியலாரும் வேண்டும்.

நண்பர்களே, ராஜேந்திரலாலுக்கு வழிகாட்டும் பேராசிரியர் இல்லை, உதவித்தொகை இல்லை, பட்டமும் இல்லை. இருந்தவை ஒரு நூலகமும் ஓயாத உழைப்பும் மட்டுமே. அந்நூலகத்தை ஈன்ற கழகம் இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறது. நம் கோயிலையும் வீட்டையும் குளத்தையும் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்து மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அளவுகோலை எடுத்துக்கொண்டு நாமே புறப்படுவோம்.