ஊர் விலக்கிய கணக்கு வாத்தியார்

சர்ச்கேட் ஸ்டேஷனிலிருந்து மெரின் லைன்ஸ் பக்கம் ரயில் பாதையை ஒட்டிப் போகும் சாலைக்கு மகரிஷி கார்வே ரோடு என்று பெயர். பெயரைப் பார்த்து, யாரோ சாமியார் என்று நம்மவர்களில் சிலர் நினைக்கக் கூடும். அவர் புனே பெர்குசன் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு குடும்பஸ்தர்.

தோண்டோ கேசவ கார்வே 1858 ஏப்ரல் 18-ந் தேதி ரத்தினகிரி ஜில்லாவில் பிறந்தார். கொங்கணக் கடற்கரைக் கிராமமான முருட்டில் வளர்ந்தார். வசதியில்லாத பிராமணக் குடும்பம். கூச்ச சுபாவம் வேறு. சர்க்கார் பரீட்சை எழுத மலை தாண்டி 110 மைல் நடந்து சாதாராவுக்குப் போனவரை, ஆள் ரொம்பச் சிறுவனாகத் தெரிகிறான் என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். பிறகு பம்பாய் வந்து, டியூஷன் சொல்லிக் கொடுத்துப் படித்து, 1884-ல் பி.ஏ. தேறினார்.

1891-ல் மனைவி ராதாபாய் காலமானார். அந்நாளில் மனைவியை இழந்தவன் எத்தனை வயதானாலும் ஒரு சிறுமியைக் கட்டிக் கொள்ளலாம். ஊரே வந்து சாப்பிட்டு வாழ்த்தி விட்டுப் போகும். புருஷனை இழந்தவள் பச்சைக் குழந்தையானாலும் தலையை மழித்துக் கொண்டு மூலையில் கிடக்க வேண்டும். மணந்தால் விதவையைத்தான் மணப்பேன் என்றார் கார்வே. 1893 மார்ச் 11-ந் தேதி, நண்பரின் சகோதரியும் பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்தவருமான கோதுபாயை மணந்தார். ஆனந்திபாய் என்று பெயர் மாற்றினார்கள்.

விதவை மறுமணத்துக்குச் சட்டம் 1856-லேயே வந்து விட்டது. சட்டம் வந்து 37 வருஷம் ஆகியும் முருட் கிராமம் மசியவில்லை. ஊர் கூடி அவரை விலக்கி வைத்தது. தண்டனையை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவர் சம்பளத்துக்குப் புனேயில் ஆபத்தில்லை. அவரை அடித்துப் பயனில்லை. அவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் தாயாரும் அண்ணனும் விலக்கப்படுவார்கள் என்று தீர்மானித்தார்கள். தனியாகக் கேட்டால் இரக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்வானோ என்று இவன் பயப்பட, இவனை நினைத்து அவன் பயப்பட, கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் ஆடிற்று. ஊர் நன்மைக்காகச் சம்பளத்தில் பங்கு ஒதுக்கி நிதி சேர்த்தவர் இவர்தான் என்பதும் அன்றைக்கு யாருக்கும் நினைவு வரவில்லை போலும்.

கார்வே சண்டைக்குப் போகவில்லை. 1896-ல் விதவைகளுக்கு ஒரு ஆசிரமம் தொடங்கினார். தம் சேமிப்பைப் போட்டார். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஆனந்திபாய்க்கு அது வருத்தம்தான், பிள்ளைகுட்டிக்காரி அல்லவா? ஊருக்கு வெளியே ஹிங்ணேயில் ஆசிரமம். கல்லூரி முடிந்து மைல் கணக்கில் அங்கே நடந்தே போய் வந்தார்.

அந்த ஆசிரமத்தில் அவர் மறுமணப் பிரசாரம் வைத்துக் கொள்ளவில்லை; படிப்பு மட்டும்தான். இதைச் சமரசம் என்று குறை சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மறுமணம் என்றால் கதவைச் சாத்துகிறவன், படிப்பு என்றால் காசு கொடுத்தான். பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மொட்டைத் தலையோடு படிக்க வந்த ஆனந்திபாயின் சகோதரி பார்வதிபாய் ஆதவலே, பிற்பாடு ஆசிரமத்துக்கு நிதி திரட்ட அமெரிக்கா வரை போனார்.

1916-ல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். 1920-ல் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்ச ரூபாய் கொடுக்க, அவர் தாயார் பெயரில் எஸ்.என்.டி.டி. ஆயிற்று.

மூத்த மகன் ரகுநாத்தும் கணிதப் பேராசிரியர். கருத்தடை பற்றிப் பேசியதால் வில்சன் கல்லூரி வேலையை விட வேண்டி வந்தது.

1958-ல், நூறாவது வயதில், கார்வேக்குப் பாரத ரத்னா கிடைத்தது. ஆனந்திபாய் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1962 நவம்பர் 9-ந் தேதி, 104 வயதில், கார்வே காலமானார்.